சிகாகோவில் கிடைத்த குறுந்தொகை

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், விளையாடும் இடத்தில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். தமிழ் படிக்க வரவில்லையே என்று பெற்றோருக்குக் கவலை. அவர்களுக்காகக் கவிஞர் ஏ.கே. ராமானுஜனைப் பற்றி எழுதுகிறேன்.

1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். அம்மாவிடம் தமிழ், தெருவில் கன்னடம், அப்பாவிடம் ஆங்கிலம். பழந்தமிழை அவர் படித்ததே இல்லை.

கொல்லம், பெல்காம், பரோடாவில் ஆங்கில ஆசிரியராக இருந்துவிட்டு, 1959-இல் அமெரிக்கா சென்றார். 1962-இல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடினார். கையில் கிடைத்ததோ, உ.வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அப்போது அவருக்கு வயது 33.

அதன்பின் பழந்தமிழைக் கற்று, 1967-இல் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். கன்னட வசனங்கள், நம்மாழ்வார் பாசுரங்கள், புறநானூற்றுப் பாடல்களும் அவரால் உலகுக்குத் தெரிந்தன. சொந்தக் கவிதைகளை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதினார். 1976-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1993-இல் சிகாகோவில் காலமானார்.

அம்மாவிடம் பேசிய தமிழ்தான் அவருக்கு முதல். வட்டி பிறகு சேர்ந்தது. எனவே வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.