காஜாங் கம்பத்துப் பிள்ளை லெப்டினன்ட் அட்னான்: மனைவி, மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுக் குன்றில் நின்றவர்

லெப்டினன்ட் அட்னான் பின் சைடி என்ற பெயரைக் கேட்காத மலேசியரோ சிங்கப்பூரரோ இருக்க மாட்டார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறார், திரைப்படத்தில் இருக்கிறார். ஆனால் பாடப் புத்தகம் அவருடைய கடைசி இரண்டு நாள்களை மட்டுமே சொல்லி முடித்துவிடும். அதற்கு முன் 26 ஆண்டுகள் வாழ்ந்த மனிதரை, அண்ணனாக, கணவனாக, தகப்பனாக இருந்தவரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

1915ஆம் ஆண்டு, சிலாங்கூர் மாநிலம் காஜாங்கிற்கு அருகில் உள்ள சுங்கை ராமால் கம்பத்தில் அட்னான் பிறந்தார். வீட்டிற்கு மூத்த பிள்ளை. அவருக்குப் பின் பிறந்த தம்பிமார் அகமட், அமாருல்லா. சுங்கை ராமால் பள்ளியில் படித்தபோது பாடத்திலும் விளையாட்டிலும் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததும் அதே வழியில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் பாடம் நடத்தினார். அந்தக் காலத்துக் கம்பத்தில் வாத்தியார் வேலை என்றால் மரியாதைக்குக் குறைவில்லை. பேசாமல் அதிலேயே இருந்திருந்தால் ஊரில் ஒரு நல்ல தலைமையாசிரியராக ஓய்வு பெற்றிருப்பார்.

1933 மார்ச் 1ஆம் தேதி போர்ட் டிக்சனில் மலாய் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. மலாய் இளைஞர்களால் முறையான ராணுவக் கட்டுப்பாட்டைத் தாங்க முடியுமா என்பதில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கே நம்பிக்கை இல்லை. அதனால் வெறும் 25 பேரைச் சேர்த்து, சோதனை முயற்சி என்றே பெயர் வைத்து ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் 18 வயது அட்னான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படையில் சேர்ந்தார். மறு ஆண்டே சிறந்த பயிற்சி வீரராகத் தேர்வு பெற்றார். 1936இல் சார்ஜண்ட் ஆனார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் சென்ற அணியில் அவருக்கும் இடம் கிடைத்தது. கம்பத்துப் பையன் கப்பலேறிப் போய் அரச ஊர்வலத்தில் கலந்துகொண்டு திரும்பியது சுங்கை ராமாலுக்குச் சின்னச் செய்தியாக இருந்திருக்காது.

லண்டனிலிருந்து திரும்பிய பிறகு திருமணம். மனைவி சோபியா பாக்கி மூடா, சமய ஆசிரியை. ஆசிரியர் வேலையை விட்டு வந்தவருக்கு ஆசிரியையே துணையாக வாய்த்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தனர்.

அட்னான் அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர், பார்க்கக் கொஞ்சம் முரட்டு ஆள் போலத் தெரிவார், ஆனால் உள்ளுக்குள் மென்மையான மனம் கொண்டவர் என்று குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஹாக்கித் திடலில் இறங்கினால் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாராம். நம் தோட்டத்து வீடுகளிலும் இப்படிப்பட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறோம். பாசத்தை வாயால் சொல்ல மாட்டார்கள்.

1941இல் சிங்கப்பூரில் பயிற்சி பெற்று அதிகாரியாக உயர்ந்தார். முதலாவது பட்டாளத்தின் 'சி' கம்பெனியில் ஏழாவது பிளாட்டூனுக்குத் தலைவர். அந்த ஆண்டின் இறுதியில் மனைவி, மக்களையும் சிங்கப்பூருக்கு அழைத்துவந்து பாசிர் பாஞ்சாங்கில் திருமணமான அதிகாரிகளுக்கான வீட்டில் குடியேறினார்.

அந்தக் குடும்ப வாழ்க்கை நீடிக்கவில்லை. டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். போர் எந்தப் பக்கம் போகிறது என்பது ராணுவத்தில் இருப்பவருக்குத் தெரியாதா? வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு இருந்த சோபியாவையும் இரண்டு சிறுவர்களையும் காஜாங்கிற்கே திருப்பி அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கினர். 13ஆம் தேதி ஜெனரல் முத்தாகுச்சி ரென்யாவின் 18ஆவது டிவிஷன் பாசிர் பாஞ்சாங் மலைத்தொடர் வழியாக முன்னேறியது. (1944இல் இம்பாலில் படையெடுத்துத் தோற்றவரும் இதே முத்தாகுச்சிதான். அந்தப் படையெடுப்பில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் ஜப்பானியரோடு சென்றது. ஆக, ஒரே தளபதியின் பெயர் இந்நாட்டு மலாய்க் குடும்பங்களின் கதையிலும் வருகிறது, இந்தியக் குடும்பங்களின் கதையிலும் வருகிறது.)

அன்று நள்ளிரவில் அட்னானின் கம்பெனி புக்கிட் சண்டு குன்றுக்கு மாற்றப்பட்டது. 'சண்டு' என்றால் அபின். குன்றின் அடிவாரத்தில் முன்பு அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர். குன்றுக்குப் பின்னால் அலெக்சாண்ட்ரா பகுதியின் வெடிமருந்துக் கிடங்குகளும் ராணுவ மருத்துவமனையும் இருந்தன. எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் பெரிய கால்வாயில் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதனால் பக்கத்தில் இருந்த 'டி' கம்பெனியை நோக்கிப் பின்வாங்கவும் வழி இல்லை.

14ஆம் தேதி பிற்பகல் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி வீரர்களின் அணி ஒன்று சாலையில் வந்தது. நம் பக்கத்து ஆள்கள் என்றே தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் மூன்று மூன்று பேராக அணிவகுப்பார்கள், வந்தவர்களோ நான்கு நான்கு பேராக நடந்து வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அணிவகுப்புத் திடலில் நின்ற அட்னானின் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. அருகில் வரும்வரை காத்திருந்து சுட உத்தரவிட்டார். மாறுவேடத்தில் வந்த ஜப்பானியர் 20 பேருக்கு மேல் அங்கேயே விழுந்தனர். மற்றவர்கள் ஓடினார்கள்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர் முழுப் பலத்தோடு திரும்பி வந்தனர். ஆள் பலத்திலும் ஆயுத பலத்திலும் ஈடு கொடுக்க முடியாத சண்டை அது. கம்பெனித் தளபதி கேப்டன் ரிக்ஸ் மாண்டார். அட்னானும் பலத்த காயமடைந்தார். இருந்தாலும் லூயிஸ் துப்பாக்கியை விடவில்லை, தன் ஆள்களைப் பின்வாங்கச் சொல்லவும் இல்லை. தோட்டாக்கள் தீர்ந்தபின் துப்பாக்கி முனைக் கத்தியாலும் வெறும் கையாலும் சண்டை நடந்தது.

உயிரோடு பிடிபட்ட அட்னானை ஜப்பானியர் போர்க் கைதியாக நடத்தவில்லை. மரத்தில் கட்டி, கத்தியால் குத்திக் கொன்றதாகவும் உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. இறந்தவர்களிடையே இறந்தவர் போலக் கிடந்து தப்பிய கார்ப்பரல் யாக்கோப் போன்ற ஒருசிலர் மூலமாகத்தான் அந்தக் குன்றில் நடந்தது வெளியே தெரிந்தது.

குன்று விழுந்ததும் ஜப்பானியர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றனர். மறுநாள், 15ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைந்தது. கொஞ்ச காலத்திற்கு முன்பு சோதனை முயற்சி என்று அழைக்கப்பட்ட மலாய் ரெஜிமெண்ட் இந்தப் போரில் 150 பேருக்கு மேல் இழந்தது.

காஜாங் வீட்டிற்கு அந்த ஆண்டு ஒரே துக்கத்தோடு போகவில்லை. கடற்படையில் இருந்த தம்பி அகமட் பயணம் செய்த 'பெலாண்டோக்' கப்பல் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டது. அவரும் திரும்பவில்லை. சோபியாவுக்குப் பிறந்த பெண் குழந்தையும் சிங்கப்பூர் விழுந்த சில காலத்திலேயே இறந்துபோனது. அந்தக் குழந்தையைத் தகப்பன் பார்க்கவே இல்லை.

இரண்டு பையன்களோடு ஜப்பான்காரன் காலத்தைச் சோபியா எப்படியோ கடந்தார். போர் முடிந்து நான்கு ஆண்டுகள்தான் வாழ்ந்தார். 1949இல் அவரும் காலமானபோது மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும். மூன்று சகோதரர்களில் போரைத் தாண்டி வந்தவர் அமாருல்லா மட்டுமே.

2000ஆம் ஆண்டு அசிஸ் எம். ஒஸ்மான் இயக்கத்தில் 'லெப்டினன்ட் அட்னான்' திரைப்படம் வெளிவந்தது. 2002 பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைந்து சரியாக 60 ஆண்டுகள் ஆன நாளில், அந்தக் குன்றில் இருந்த பழைய பங்களா நினைவகமாகத் திறக்கப்பட்டது. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து பெப்பிஸ் சாலை வழியாக ஏறினால் அங்கு போகலாம். கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவரிலும் அவர் பெயர் இருக்கிறது. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட சுவர் அது.