கட்சி கடந்த நாற்காலி

குடியரசு துணைத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம், அதில் சாமானிய வாக்காளருக்கு என்ன பங்கு என்கிற கேள்வி எழுவது இயல்பு. தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழ்பவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களவை உறுப்பினருக்கு அத்தேர்தலில் வாக்கு உண்டு. அவர்களே தேர்ந்தெடுத்த சட்டப்பேரவை உறுப்பினருக்கு இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலோ இருவருக்கும் வாக்கு உண்டு. துணைத் தலைவரின் அன்றாடப் பணி மாநிலங்களவையை நடத்துவதுதான். அந்தப் பணி எப்படி அமைய வேண்டும் என்பதைச் சட்டப் பிரிவுகளைவிடத் தெளிவாக உணர்த்துகிறது, முதல் பத்தாண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை.

1888 செப்டம்பர் 5-இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். உதவித்தொகையின் துணையோடு வேலூரிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தொடங்கிய ஆசிரியப் பணி, மைசூரு, கொல்கத்தா வழியாக ஆக்ஸ்ஃபோர்டு வரை அவரைக் கொண்டு சென்றது. ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர்.

அவர் காங்கிரஸ் உறுப்பினர் அல்லர். நாடாளுமன்றத்தில் அறுதிப் பெரும்பான்மை பெற்றிருந்த அக்கட்சி, தன் மூத்த தலைவர் எவரையும் எளிதாக வெற்றிபெறச் செய்திருக்க முடியும். ஆயினும், 1952-இல் கட்சி சாராத ஒரு பேராசிரியர் போட்டியின்றித் தேர்வானார், 1957-இலும் அவ்வாறே. அந்நாளைய விதிப்படி இரு அவைகளின் உறுப்பினர்களும் கூட்டுக் கூட்டத்தில் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் 11-ஆவது திருத்தம் அதை மாற்றி, இரு அவை உறுப்பினர்களைக் கொண்ட வாக்காளர் குழுவை ஏற்படுத்தியது. வாக்குப்பதிவு நடந்த முதல் தேர்தல், ஜாகிர் உசேன் வெற்றிபெற்ற 1962-ஆம் ஆண்டுத் தேர்தல்தான்.

1952 மே 13-இல் கூடிய மாநிலங்களவைக்குப் பின்பற்ற முன்மரபு ஏதும் இல்லை. மாநிலங்களின் மன்றமாக அறியப்பட்ட அந்த அவைக்கு 'ராஜ்ய சபா' என்னும் பெயரை 1954 ஆகஸ்டில் அவைத் தலைவராக அறிவித்தவர் ராதாகிருஷ்ணனே. அவையில் சூடு ஏறும்போது சம்ஸ்கிருத சுலோகமோ விவிலிய வாசகமோ சொல்லித் தணித்துவிடுவார் என்பது அன்றைய உறுப்பினர்களின் நினைவு. அவர் நடத்திய கூட்டங்கள் குடும்பச் சந்திப்பைப் போல இருந்ததாக நேரு பாராட்டினார். அவைத் தலைவருக்கு உறுப்பினர் என்ற முறையில் வாக்கு இல்லை; இருதரப்பும் சமமாகும்போது மட்டும் முடிவு வாக்கு உண்டு. எனவே அவருடைய வலிமை, அவையின் நம்பிக்கையில்தான் இருக்கிறது.

பதவியின் மற்றொரு கடமை காத்திருத்தல். 1960-இல் ராஜேந்திர பிரசாத் சோவியத் பயணம் சென்றபோதும், 1961-இல் நோயுற்றபோதும், குடியரசுத் தலைவரின் பொறுப்புகளை ராதாகிருஷ்ணன் கவனித்தார். 1962-இல் அவரே குடியரசுத் தலைவரானார், 1967-இல் ஓய்வுபெற்றார், 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் மறைந்தார்.

அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவைத் தலைவராக அவர் கற்பித்ததையும் அன்று நினைவுகூர வேண்டும். துணைத் தலைவரை நீக்க, மாநிலங்களவையின் அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மக்களவையும் ஒப்ப வேண்டும். 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் அத்தகைய தீர்மானத்துக்கு முதன்முறையாக நோட்டீஸ் அளித்தன. அது ஏற்கப்படவில்லை என்றாலும், அவைக்கும் தலைவருக்கும் இடையிலான நம்பிக்கை எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கு அது சான்று.

பெரும்பான்மை உள்ள கட்சி தன் வேட்பாளரை வெற்றிபெறச் செய்துவிடலாம். ஆனால், எதிர்வரிசையின் மதிப்பை வாக்கு எண்ணிக்கையால் பெற்றுத்தர இயலாது. அதை நாற்காலியில் அமர்பவர், ஒவ்வொரு நாளும் தம் நடுநிலையால் ஈட்ட வேண்டும்.