நோல் மாளிகையின் மகள்

வீற்றா சாக்வில் வெஸ்ற் என்னும் ஆங்கில எழுத்தாளரின் வாழ்க்கையைப் படிக்குந்தோறும் என் மனம் தங்கி நிற்பது அவருடைய கவிதைகளிலன்று. இடிந்த கோட்டையொன்றின் குப்பைமேட்டிலேயே.

1892இல், கென்ற் மாவட்டத்து நோல் மாளிகையிலே அவர் பிறந்தார். முந்நூற்றறுபத்தைந்து அறைகள் உண்டென்று சொல்லப்படும் அம்மாளிகை, நூற்றாண்டுகளாகச் சாக்வில் குடும்பத்தாரின் முதுசொம். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. அம்மாளிகையின் வரலாற்றை 1922இல் நூலாக்கியவரும் அவரே. ஆயினும் 1928இல் தந்தை இறந்தபோது, பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் நோல் அவருக்குக் கிட்டாது சிறிய தந்தையாரிடம் போயிற்று.

1913இல் அவர் மணந்த ஹரோல்ட் நிக்கல்சன் இராஜதந்திரி. வரலாற்று நூல்கள் பல எழுதியவர். இருவர் உள்ளமும் மணவாழ்வுக்கு வெளியே அலைந்ததை மறைப்பதற்கில்லை. 1920இல் தோழியொருத்தியுடன் பிரான்சுக்கே போய்விட்ட வீற்றாவைக் கணவர் தேடிச்சென்று அழைத்துவந்தார். இந்தக் கதையை மட்டும் விரித்துரைப்போர் வரலாற்றின் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர் என்பேன்.

மறுபாதி 1930இல் தொடங்குகிறது. அவ்வாண்டு சிசிங்ஹேர்ஸ்ற் என்னும் பாழ்பட்ட கோட்டை விலைக்கு வந்தது. ஒரு செங்கற் கோபுரம், சிதறிய சில கட்டடங்கள், எங்கும் குப்பை. குடியிருக்கத்தக்க அறை ஒன்றேனும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் போரொன்றிலே பிரெஞ்சுக் கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. கண்டவுடனே வீற்றா மயங்கினார். ஹரோல்டோ செலவை எண்ணித் தயங்கினார். ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலே அக்கோட்டைக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சாக்வில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஈற்றில் அவ்விரத்த உறவையே காரணங்காட்டி, வாங்குவோம் என்று மனைவிக்கு எழுதியவர் ஹரோல்ட்தான்! நோலை இழந்தவளுக்கு அவளுடைய முன்னோரின் மண்ணையே தேடிக்கொடுத்த இக்கடிதத்தைவிடச் சிறந்த காதற்கடிதம் யாதென எனக்குத் தெரியவில்லை. விலை 12,375 பவுண். நோலை மனத்திற்கொண்டு வீற்றா எழுதிய நாவலும் அவ்வாண்டே வெளிவந்து நன்றாக விற்பனையாயிற்று. அதனை வெளியிட்டவர், முன்னர் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த லெனாட் வுல்ஃப் என்பது நமக்குச் சுவையான செய்தி.

பின்னர் இருவரும் பூங்கா அமைக்கலாயினர். கோணலாய் நின்ற பழஞ்சுவர்களுக்கிடையே நேர்கோட்டுப் பாதைகளையும் உயர்ந்த பச்சைவேலிகளையும் வகுத்தவர் ஹரோல்ட். அவ்வொழுங்கு வெளித்தெரியாவண்ணம் பழைய ரோசா வகைகளையும் கொடிகளையும் வாரிச்சொரிந்து நட்டவர் வீற்றா. கிழமை நாட்களில் ஹரோல்ட் இலண்டனிலிருப்பார். கடிதங்கள் நாடோறும் போகும், வரும். வார இறுதியில் மண்வெட்டியும் அளவுநாடாவும் வெளிவரும். வீற்றா எழுதுவது கோபுரத்து அறையில். ஹரோல்ட் எழுதுவது தெற்குக் குடிலில். இருவரையும் சேர்த்துவைத்தது நடுவிலிருந்த அப்பூங்காவே. 1938இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வெண்மலர்களும் வெள்ளி இலைகளும் மட்டுமே கொண்ட பகுதியை 1950ஆம் ஆண்டளவில் உண்டாக்கினர். இன்று உலகறிந்தது அதுவே.

1962 ஜூன் மாதம், பூக்கள் மலிந்த பருவத்தில், வீற்றா அங்கேயே காலமானார். ஹரோல்ட் அதன்பின் தேறவேயில்லை. 1967இல் மைந்தர் நைஜல் பூங்காவைத் தேசிய அறநிதியத்திடம் ஒப்படைத்தார்; அடுத்த ஆண்டு மே முதலாந் தேதி, தாம் கோடிட்ட பாதைகளுக்கு அருகிலேயே ஹரோல்டும் கண்மூடினார்.