கறுவாத் தோட்டத்துச் சீமான்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

கொழும்பு மாநகரிலே கறுவாத் தோட்டம் என்று ஒரு பகுதி உண்டு. தபாற்காரருக்கு அது கொழும்பு ஏழு. அங்கே கறுவாவும் இல்லை, தோட்டமும் இல்லை. நிழல் மரங்களும், உயர்ந்த மதில்களும், மதில்களுக்கு அப்பால் பெரிய வீடுகளுமே உள. கறுவாத் தோட்டத்தார் என்ற சொல்லை நம்மவர் சிறிது ஏளனத்தோடு வழங்குவதும் உண்டு. ஆங்கிலமே பேசி, அயலவன் முகம் அறியாது, வண்டியிலேறிச் செல்பவர் என்பது அதன் உட்பொருள். அவ்வேளனம் முற்றாக நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை. எனினும், அத்தோட்டத்திலே மாளிகை அமைத்து வாழ்ந்த ஒருவரின் சரித்திரத்தை அறிந்தபின் அச்சொல்லைச் சற்று நிதானித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

முதலிலே அந்த நிலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலத்திலே கறுவாப்பட்டை பெரும்பாலும் காட்டிலிருந்தே வந்தது. சலாகம குலத்தார் காடு காடாக அலைந்து உரித்துக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. 1769ஆம் ஆண்டளவிலே பல்க் என்னும் ஒல்லாந்த தேசாதிபதி மருதானைப் பக்கத்து வெண்மணல் நிலத்திலே கறுவாவைப் பயிரிடுவித்தார். பின்னர் ஆங்கிலேயர் கைக்குத் தோட்டமும் வியாபாரத் தனியுரிமையும் வந்தன. 1833இல் அத்தனியுரிமை ஒழிந்தது. கறுவாவின் மதிப்புக் குறைய, செடி நின்ற இடத்திலே மெல்ல மெல்ல வீடுகள் எழுந்தன. அதற்குமுன் கொழும்புச் செல்வர் விரும்பி வாழ்ந்த இடங்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய வடபகுதிகளே. 1875இல் அலைதாங்கி வேலை தொடங்கித் துறைமுகம் பெருத்தது. அப்பக்கம் பண்டசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கின. செல்வர் தெற்கு நோக்கி நகர்ந்தனர். புதிய வீதிகளுக்குத் தேசாதிபதிகளின் பெயர்களையே இட்டார்கள்: பார்ன்ஸ், ஹோர்ட்டன், வார்ட், கிரெகரி. தனியுரிமை ஒழிந்தபோது ஆண்டவர் அந்த ஹோர்ட்டனே.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுப்பித்தவர். தமையனார் இராமநாதன் வார்ட் பிளேசிலே சுகஸ்தான் என்னும் வீட்டில் வாழ்ந்தார். அருணாசலம் ஹோர்ட்டன் பிளேசிலே பொன்கிளார் என்னும் வீட்டில் வாழ்ந்தார். வீடுகள் தோட்டத்திலே இருந்தாலும் குடும்பத்தின் கோயில் துறைமுகத்தருகே, மூட்டை சுமப்போரும் கடைக்காரரும் கூடும் கொச்சிக்கடையிலேயே இருந்தது. இராமநாதன் அதனை 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுப்பித்தார்.

கொழும்பு அக்கடமியிலும், புலமைப் பரிசு பெற்றுச் சென்ற கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் அருணாசலம் கற்றார். 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. நீதித்துறையிலே பல ஊர்களிற் கடமையாற்றினார். 1887இல் தேசாதிபதி கோர்டன், மூத்த ஐரோப்பிய உத்தியோகத்தர் பலர் இருக்க, இவரைப் பதிவாளர் நாயகம் பதவிக்குத் தெரிந்தெடுத்தார். சீர்கெட்டிருந்த அத்திணைக்களத்தை அவர் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பும் அவர் மேற்பார்வையிலேயே நடந்தது. மாளிகையில் வாழ்ந்தாலும், தீவிலே எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கு நாள்தோறும் மேசைக்கு வரும் உத்தியோகம் அது. பிற்காலத்தில் அவர் சேரிகளை நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1913இல் ஓய்வு பெற்றார். கறுவாத் தோட்டத்துச் சீமானுக்கு அதன்பின் சாய்மனைக் கதிரையும் மாலை உலாவும் போதாவா? அவருக்குப் போதவில்லை. 1915 சனவரியிலே இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். கொழும்பிலே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தோட்டங்களுக்குச் செல்வதும், இராப் பாடசாலை நடத்துவதும், நோயுற்றோர்க்கு உதவுவதும் அதன் பணிகள். 'தோட்டம்' என்ற ஒரே சொல் இந்நகரிலே செல்வர் இருப்பிடத்தையும் ஏழைகளின் வரிசை வீடுகளையும் குறிப்பது விந்தையே! 1919இலே தொழிலாளர் நலச் சங்கத்தையும் தொடக்கினார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியைக் கடனாலும் துண்டு முறையாலும் துரைமாரோடு பிணைத்துவைத்த கொடுமையை அவர் எதிர்த்தார். அத்துண்டு முறை 1921இல் ஒழிந்தது. மலைநாட்டார் துயரைக் கொழும்புத் தமிழர் பலர் கண்டுங் காணாதிருந்த காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

அரசியலிலே அவர் அடைந்த உயர்வும் துயரும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை. 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தைத் தொடக்கினார். 1919 டிசம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதித்தபோது, சிங்களரும் தமிழரும் ஒருங்கே அவரை முதற்றலைவராக்கினர். யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் காங்கிரசோடு சேரத் தயங்கியபோது, அவர்களை இணங்கவைத்தவர் அவரே. அதற்கு ஆதாரமாயிருந்தது 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்திற் கொடுத்த வாக்கு: மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என்பது. 1921இல் அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை. பீரிசின் வீடு டரட் வீதியில். பொன்கிளாரிலிருந்து நடந்து செல்லும் தூரந்தான். ஒரே அயலிலே வாழ்ந்து, ஒரே மேடையிலே பேசியவர்களிடையே வாக்குத் தவறிற்று. அருணாசலம் காங்கிரசை விட்டு விலகினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தை அமைத்தார். ஒற்றுமையை வளர்த்தவரே வகுப்புவாதியானார் என்று அவரைக் குறைகூறுவோர் உளர். ஓர் ஆசனம் பெரிதன்று. எழுதிய கையெழுத்துக்கு மதிப்பில்லாவிடின் சிறுபான்மையோர் எதை நம்புவது என்பதே அவர்முன் நின்ற வினா. இவ்விடயத்தில் அவரை நான் குறைகூற மாட்டேன்.

சமயத்திலே அவர் சைவர், படாடோபமின்றி ஆழ்ந்தவர். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேம்பிரிட்ஜ் நண்பராகிய எட்வர்ட் கார்ப்பென்டருக்கு ஞானநெறி பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1927இல் நூலாயின.

எம்போன்ற மாணவர் அவருக்குப் பட்டிருக்கும் கடன் வேறு. இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துப் போராடினார். தாய்மொழிகளும் அங்கே மதிக்கப்பட வேண்டும் என்றார். 1921இல் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. எங்கே? கறுவாத் தோட்டத்திலேதான், தேர்ஸ்டன் வீதியிலே, டி சொய்சா குடும்பத்துச் செல்வர் ஒருவர் கட்டிய மாளிகையில். மதிலுக்குள் அடங்கியிருந்த அவ்வீடு அதன்பின் மாணவருக்குத் திறந்தது. இன்றைக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உடைமையாய் அது நிற்கிறது. பேராதனையிலே மாணவர் விடுதியொன்று அருணாசலம் மண்டபம் எனப் பெயர் பெற்றுள்ளது.

1924 சனவரி 9ஆந் திகதி, தென்னாட்டுத் தல யாத்திரையின்போது மதுரையிலே அவர் சிவபதமடைந்தார். 1930இல் அவருக்கு எழுப்பிய சிலை கறுவாத் தோட்டத்திலே வைக்கப்படவில்லை. காலிமுகக் கடலோரம், அந்நாட் சட்டசபைக் கட்டடத்தின் முன்றலிலே நிறுவப்பட்டது.