கண்ணும் ஒரு வாசலா? வைத்தியர் வூ லியன்-தேயின் வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்

2020 ஏப்ரலில் ஜா-எல, சுதுவெல்லயிலிருந்து ஒரு குழுவினர் ஒலுவிலில் இருந்த கடற்படையின் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் சிலருக்குக் கொவிட் தொற்று உறுதியானபோது அட்டாளைச்சேனை முதல் கல்முனை வரை எங்கள் கரையோர ஊர்கள் பயந்துபோயின. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டோம். கண் திறந்துதானே கிடக்கிறது, அதன் வழியாக வராதா என்று அப்போது பலர் கேட்டார்கள். அதற்கு விடை தேடிப் போனபோதுதான் வூ லியன்-தே என்ற வைத்தியரின் வாழ்க்கையைப் படித்தேன். போரும் நோயும் மாறி மாறி அலைக்கழித்த வாழ்க்கை அது. எங்கள் வாசகர்களுக்கு அந்நியமாக இருக்காது.

வூ 1879 மார்ச் 10இல் மலாயாவின் பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1903இல் ஊர் திரும்பினார். பிரித்தானிய ஆட்சியில் உயர் மருத்துவப் பதவிகள் ஐரோப்பியருக்கே கிடைத்தன. அதனால் தனியாக வைத்தியம் பார்த்தார். அபின் வியாபாரத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். பிறகு அவருடைய மருந்தகத்திலேயே சிறிதளவு அபின் கலந்த மருந்து இருந்ததாக வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். மனம் வெறுத்தவர், சீன அரசின் அழைப்பை ஏற்றுத் தியன்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் மக்கள் இரத்தம் துப்பிச் செத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 24ஆம் திகதி வூ ஹார்பின் நகரத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31. பிரேதப் பரிசோதனையை அந்தச் சமூகம் ஏற்காத காலம் அது. ஆனாலும் இறந்துபோன ஒரு விடுதிக்காரப் பெண்ணின் உடலை மறைவாகப் பரிசோதித்து, நுரையீரலில் கொள்ளைநோய்க் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளும் இடையில் இல்லாமலே, இருமலோடும் மூச்சோடும் இந்த நோய் மனிதரிலிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

மூத்த வைத்தியர்கள் பலர் அதை நம்பவில்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் முகக்கவசம் அணியாமல் நோயாளர்களைப் பார்வையிட்டார். சில நாட்களிலேயே அதே நோயால் இறந்தார். அதன் பிறகு நகரமே வூவின் பேச்சைக் கேட்டது. மெல்லிய துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, மலிவாகத் தைக்கக்கூடிய முகக்கவசத்தை அவர் பரப்பினார். ரயில் பெட்டிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றினார். சுமார் 60,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் சில மாதங்களில் அடங்கியது. 1911 ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகள் கலந்துகொண்ட சர்வதேச மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

அந்த முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடியது. கண் வெளியில்தான் இருந்தது. எங்கள் ஊரார் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது.

கண்ணின் உள்மூலையில் இருக்கும் சிறு துளை வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் அதனால்தான். ஆக, கண்ணில் விழும் கிருமிக்கு மூக்குக்குப் போக வழி இருக்கிறது. 2003இல் நெதர்லாந்தில் கோழிகளைத் தாக்கிய எச்7என்7 காய்ச்சல் 89 பேருக்குத் தொற்றியது. பெரும்பாலானோருக்கு வந்தது கண் அழற்சிதான். மிருக வைத்தியர் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார்.

கொவிட் காலத்தில் சென்னையில் செய்த ஓர் ஆய்வும் உண்டு. வீடு வீடாகப் போன 62 சுகாதாரப் பணியாளர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிந்திருந்தும் 12 பேருக்குத் தொற்றியது. பிறகு முகம் முழுவதையும் மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு கொடுத்தார்கள். மீதி 50 பேர் அதை அணிந்துகொண்டு முன்னரைவிட அதிகமான வீடுகளுக்குப் போனார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் அந்தத் தடுப்பு கண்ணை மட்டுமல்ல, முகக்கவசத்தையும் சேர்த்தே மறைத்தது. ஆகவே முழுப் பெருமையையும் கண்ணுக்குக் கொடுக்க முடியாது. நோர்வேயில் 3,700க்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஆய்வில், பொது இடங்களில் கண்ணாடி அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே அரசாங்கப் பதிவேட்டில் இருந்த கொவிட் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். கண்ணும் ஒரு வாசல். ஆனால் சுவாச நோய்களுக்குப் பெரிய வாசல் மூக்கும் வாயும்தான். நோயாளியை அருகிலிருந்து பராமரிப்பவர் கண்ணையும் மூடுவது நல்லது. மற்றவர்கள் கழுவாத கையால் கண்ணைக் கசக்காமல் இருந்தாலே பெரிய காரியம்.

வூவின் வாழ்க்கையில் இன்னொரு விடயமும் எங்களைத் தொடுகிறது. ஹார்பினில் நிலம் பனியில் இறுகிப்போனதால் 2,000க்கும் மேற்பட்ட பிரேதங்கள் புதைக்கப்படாமல் நிலத்தின் மேலேயே கிடந்தன. அவற்றை எரிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். முன்னோரை அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்றும் அவருக்குத் தெரியும். பேரரசரின் அனுமதியைக் கேட்டு, அது வரும்வரை காத்திருந்து, 1911 ஜனவரி கடைசியில்தான் தீ மூட்டினார்.

எங்கள் நாட்டில் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கே நிலம் உறையவுமில்லை, அடக்க ஆளில்லாமல் போகவுமில்லை. பிறந்து 20 நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்படும்வரை குடும்பங்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆகிவிட்டது. வூ நோயின் பாதையை முதலில் கண்டுபிடித்தார், பிறகுதான் சட்டம் கேட்டார். இங்கே சட்டம் முதலில் வந்தது, காரணத்தைப் பிறகு தேடினார்கள்.

அவருடைய பிற்காலமும் நிம்மதியாக இருக்கவில்லை. 1931இல் உளவாளி என்ற சந்தேகத்தில் ஜப்பானியர் அவரைப் பிடித்து விசாரித்தனர். 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1937இல் போர் மூண்டதும் சீனாவில் சேர்த்ததை விட்டுவிட்டு மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண வைத்தியராக அமர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்குப் போன எத்தனையோ தமிழர் வாழ்ந்த அதே மலாயா. ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் போராளிகள் அவரைக் கடத்திக் கப்பம் வாங்கினர். கப்பம் கொடுத்ததற்காக ஜப்பானியரும் அவரைச் சந்தேகித்தனர். முன்பு தன்னிடம் வைத்தியம் செய்துகொண்ட ஒரு ஜப்பானிய அதிகாரியால் தப்பினார். இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் வாழ்வது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வயது 80ஐ நெருங்கும்வரை வைத்தியம் பார்த்த வூ, தன் வரலாற்றை எழுதி வெளியிட்ட மறுவருடம், 1960 ஜனவரி 21இல் பினாங்கில் காலமானார். இனியும் கொள்ளைநோய்கள் வரும். கண்ணை மூடச் சொல்வார்கள், ஊரை மூடச் சொல்வார்கள், மையவாடியையும் மூடச் சொல்லலாம். நோய் எந்த வழியால் வருகிறது, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பது எங்கள் உரிமை. ஆதாரம் இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டை முதலில் கடைப்பிடிப்பவர்களும் நாங்களாக இருக்க வேண்டும்.