என் ஊசி மருந்தைக் கண்டுபிடித்தவர் – அலெக்சாண்டர் பிளெமிங்



இந்த மாதம் நம் சுவர்ப் பத்திரிகையில் அறிவியல் அறிஞர் பகுதி எழுத வேண்டியது என் முறை. சி.வி.ராமன், ராமானுஜன், மேரி கியூரி எல்லாரையும் முன்னாடியே எழுதிட்டாங்க. நான் பிளெமிங்கை எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு நாள் நான் முதல் இரண்டு பீரியடுக்கு வரமாட்டேன். ஏன் வரலைன்னு நீங்க கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மை என்னவென்றால், அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பேன். ஊசி மருந்தின் பெயர் பென்சத்தீன் பெனிசிலின்.

ஆறாம் வகுப்பில் எனக்குத் தொண்டை வலி வந்து தானாகவே போய்விட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது குறைந்ததும் கணுக்கால், அப்புறம் முழங்கை. டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்து ருமாட்டிக் காய்ச்சல் என்றார். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் மூட்டையும் இதய வால்வையும் தாக்கிவிடுவதுதான் இந்த நோய். அந்தக் கிருமி மறுபடி தொண்டையில் குடியேறாமல் பார்த்துக்கொண்டால் வால்வு மேலும் கெடாது. அதற்காகத்தான் இந்த ஊசி.

வலிக்கும்போதெல்லாம் இதை யாருடா கண்டுபிடித்தது என்று திட்டியிருக்கேன். அப்படித் திட்டினவரைப் பற்றித்தான் படித்துப் பார்த்தேன்.

பிளெமிங் 1881ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் டார்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். ஏழு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பதின்மூன்று வயதில் லண்டனில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படித்தார். பிறகு ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் நான்கு வருஷம் வேலை. உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சொத்தில் கொஞ்சம் பங்கு கிடைக்கவே, டாக்டராக இருந்த அண்ணன் சொன்னபடி மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

இங்கே ஒரு விஷயம். சிறுவன் சர்ச்சில் சேற்றில் மூழ்கும்போது பிளெமிங்கின் அப்பா காப்பாற்றினார், அதற்கு நன்றியாக சர்ச்சிலின் அப்பா பிளெமிங்கைப் படிக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. நானும் அதை நம்பியிருந்தேன். அது வெறும் கட்டுக்கதை. பிளெமிங்கே அதை மறுத்திருக்கிறார்.

1901ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார். அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேடிக்கையானது. அந்தக் கல்லூரி அணியோடு அவர் முன்பு வாட்டர் போலோ விளையாடியிருந்தார், அவ்வளவுதான்! படிப்பை முடித்ததும் துப்பாக்கி சுடும் அணியில் இவரை விடக்கூடாது என்று நினைத்த ஒருவர், அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேரும்படி ஏற்பாடு செய்தார். விளையாட்டு அவரை அறிவியலுக்குக் கொண்டு வந்தது. பி.டி. பீரியடை வேண்டாம் என்பவர்கள் கவனிக்கவும்!

முதல் உலகப் போர் 1914ல் தொடங்கியது. பிளெமிங் ராணுவ டாக்டராக பிரான்ஸ் நாட்டின் பூலோன் நகரில் வேலை பார்த்தார். குண்டடி பட்ட வீரர்கள் காயத்தால் மட்டும் சாகவில்லை. காயத்தில் புகுந்த பாக்டீரியாவாலும் செத்தார்கள். அப்போது காயத்தில் கிருமிநாசினியை ஊற்றுவது வழக்கம். ஆழமான காயத்தில் அது மூலை முடுக்கில் ஒளிந்த கிருமி வரை போவதில்லை என்றும், கிருமியோடு சண்டை போடும் நம் வெள்ளை அணுக்களைத்தான் முதலில் கொல்கிறது என்றும் பிளெமிங் சோதனை செய்து காட்டினார். கிருமியைக் கொல்ல வேண்டும், உடம்பைக் கெடுக்கக் கூடாது. அப்படி ஒரு மருந்தைத்தான் அவர் மனசு தேடியது.

1921ல் அவருக்கு ஜலதோஷம். தன் மூக்குச் சளியையே கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்த்தார். சுற்றி இருந்த கிருமிகள் கரைந்து போயின! சளியிலும் கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும் இருக்கும் அந்தப் பொருளுக்கு லைசோசைம் என்று பெயர் வைத்தார். ஆனால் பெரிய நோய்களைத் தரும் கிருமிகளை அது அவ்வளவாக அசைக்கவில்லை.

1928 செப்டம்பர் மாதம். விடுமுறை முடிந்து பிளெமிங் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். போகும்போது கழுவாமல் விட்டுப்போன தட்டுகள் மேஜையில் கிடந்தன. அவற்றில் சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்திருந்தது. ஒரு தட்டில் மட்டும், பழைய ரொட்டியில் பிடிக்குமே, அந்த மாதிரி பூசணம் பிடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். பிளெமிங் உற்றுப் பார்த்தார். பூசணத்தைச் சுற்றி ஒரு வட்டத்துக்குக் கிருமியே இல்லை!

அந்தப் பூசணத்தை வளர்த்து அதன் சாற்றை எடுத்தார். 800 மடங்கு தண்ணீர் கலந்த பிறகும் அது கிருமி வளர்வதைத் தடுத்தது. வெள்ளை அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. பூசணத்தின் பெயர் பெனிசிலியம். அதனால் மருந்துக்குப் பெனிசிலின் என்று பெயர் வைத்து 1929ல் கட்டுரை வெளியிட்டார். ஆனால் அந்தச் சாற்றிலிருந்து சுத்தமான மருந்தைப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. பத்து வருஷம் போல அந்தக் கண்டுபிடிப்பு அப்படியே கிடந்தது.

அதை எடுத்து மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர். 1940 மே மாதம் எட்டு எலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் செலுத்தி, நான்கு எலிகளுக்கு மட்டும் பெனிசிலின் போட்டார்கள். மருந்து போட்ட நான்கும் மறுநாள் உயிரோடு இருந்தன, மற்ற நான்கும் ஒரே இரவில் செத்துப்போயின.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு ஊசி போட்டார்கள். முகத்தில் தொடங்கிய சீழ் பரவி ஒரு கண்ணே போய்விட்டிருந்தது. மருந்து ஏறியதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் இருந்த மருந்தே கொஞ்சம். அவர் சிறுநீரிலிருந்துகூட பெனிசிலினைப் பிரித்து எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஐந்து நாளில் தீர்ந்துவிட்டது. சாகாமல் மிச்சம் இருந்த கிருமி திரும்பக் கிளம்ப, மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவருக்கு மருந்து இல்லாமல் பாதியில் நின்றது. எனக்கோ மருந்து இருந்தும் நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1942ல் பிளெமிங்குக்குத் தெரிந்த ஒருவர் மூளைக்காய்ச்சலில் சாகும் நிலையில் கிடந்தார். ஃப்ளோரி தன்னிடம் இருந்த பெனிசிலினைக் கொடுத்து உதவினார். பிளெமிங் முதலில் சதையில் ஊசி போட்டார். ஆனால் கிருமி இருந்த தண்டுவட நீருக்கு மருந்து போய்ச் சேரவில்லை. அதனால் முதுகுத்தண்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார். நோயாளி எழுந்து வீட்டுக்கு நடந்தார். மருந்து சரியாக இருந்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் சேர்ந்துதான் வைத்தியம் என்று எனக்கு இதில் புரிந்தது. அது டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டிய காரியம்.

பிறகு அமெரிக்காவில் பெரிய தொட்டிகளில் பெனிசிலின் தயாரானது. சந்தையில் கிடைத்த பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து அதிக மருந்து தரும் பூஞ்சை வகை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஏராளமான வீரர்கள் பிழைத்தார்கள். 1944ல் பிளெமிங்குக்கு சர் பட்டம். 1945ல் பிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு.

அந்த நோபல் விழாவில் பிளெமிங் வெறுமனே பெருமை பேசவில்லை. ஓர் எச்சரிக்கையும் செய்தார். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகவே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவு போட்டுக்கொள்கிறார் என்று கற்பனை செய்து காட்டினார். கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும். அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி, மருந்து வேலை செய்யாமல் அந்த அம்மா இறந்துவிடுகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, மருந்தை அலட்சியமாகப் பயன்படுத்திய அந்தக் கணவர்தான் என்று அவரே பதிலும் சொன்னார். அவர் பயந்தது நடந்தது. அவர் தட்டில் செத்த அதே ஸ்டெஃபைலோகாக்கஸில் பெரும்பாலானவை இன்று சாதாரணப் பெனிசிலினுக்கு மசிவதில்லை. ஆனால் என் தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இன்றும் பெனிசிலின்தான் நல்ல மருந்து.

1955 மார்ச் 11ஆம் தேதி பிளெமிங் மாரடைப்பால் இறந்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் கதை. போன வருஷம் கோடை விடுமுறைக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நல்லாத்தானே இருக்கோம், இந்த வலி எதுக்குன்னு தோணிச்சு. ஊசி போட்டாச்சுன்னு அம்மாவுக்குப் போனில் பொய் சொன்னேன். இரண்டு ஊசி தவறியது. ஜூன் மாதம் தொண்டை வலி, அப்புறம் முழங்கால் வீக்கம். எட்டு நாள் ஆஸ்பத்திரி. வால்வில் கசிவு முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்குன்னு டாக்டர் சொன்னபோது அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

ஊசி போடும் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்:

1. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் ஊசியோ மாத்திரையோ போடக் கூடாது. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

2. முன்பு எந்த மருந்துக்காவது தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு முதல் தடவை தோலில் துளி போட்டு டெஸ்ட் செய்த பிறகுதான் முழு ஊசி.

3. புதுக் கவரைப் பிரித்து எடுத்த ஊசிதானா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்குப் போட்டது இன்னொருவருக்கு ஆகாது.

4. பென்சத்தீன் பெனிசிலினைச் சதையில் ஆழமாகத்தான் போடுவார்கள். அங்கே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். நரம்பில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும்.

5. போட்டதும் ஓடக் கூடாது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அலர்ஜி வந்தால் உடனே கவனிக்க மாற்று ஊசி அங்கேதான் இருக்கும்.

6. குணமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. தேதி தவறக் கூடாது.

என் ஊசி அட்டையில் அடுத்த தேதி 18. அன்றைக்கு முதல் இரண்டு பீரியடு நோட்ஸை யாராவது எனக்குக் கொடுங்கள். இனிமேல் கேட்டால் மழுப்ப மாட்டேன். உங்களில் யாருக்காவது தொண்டை வலியோடு காய்ச்சல் இருந்தால் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி