சி. பா. ஆதித்தனார்: இதழாளரும் அரசியலாளரும்

முன்னுரை

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என விரியும் கரிசல் வட்டாரத்திலும் தமிழகத்தின் பிற சிற்றூர்களிலும், தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்பது சென்ற நூற்றாண்டின் இயல்பான காட்சியாகும். அவ்வாறு படிக்கப்பெற்ற இதழ்களுள் குறிப்பிடத்தக்கது 'தினத்தந்தி'. அதனை நிறுவிய சி. பா. ஆதித்தனார் (1905-1981) அயலகத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றித் தாயகம் திரும்பி இதழ் தொடங்கியவர். பின்னர்த் தனிக்கட்சி கண்டு, சட்டப்பேரவைத் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர். இதழ்வழி அவர் பெற்ற வாசகர் பரப்பு அவர்தம் அரசியலுக்குரிய ஆதரவாக மாறியதா என்பதை அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் அயலக வாழ்வும்

ஆதித்தனார் 27.09.1905 அன்று திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்றபின் இலண்டன் சென்று சட்டம் கற்று, 1933-இல் பாரிஸ்டர் தகுதி பெற்றார். அதே ஆண்டில் சிங்கப்பூரில் கோவிந்தம்மாளை மணந்து அங்கேயே வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். இவ்வயலக வாழ்வு அவருக்கு இருவகையில் பயன்பட்டது. ஒன்று, பிற்காலத் தொழில் முயற்சிகளுக்கு வேண்டிய பொருள்வளம். மற்றொன்று, எளிய மக்களும் விலைகொடுத்து வாங்கிப் படிக்கும் ஆங்கில நாளிதழ்களின் அமைப்பை நேரில் கண்ட பட்டறிவு.

இதழ்ப்பணி

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே தமிழகத்தில் இதழ்ப்பணியில் இறங்கிய ஆதித்தனார், நவம்பர் முதல் நாள் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் இதுவே 'தினத்தந்தி' ஆயிற்று. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டை வைக்கோற் கூழிலிருந்து கையால் தாள் செய்து எதிர்கொண்டார்.

அக்கால நாளிதழ்கள் பலவும் கற்றோரை முன்னிறுத்தி வடசொற்கள் செறிந்த நெடுந்தொடர்களில் செய்தி வெளியிட்டன. ஆதித்தனாரோ அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவரைத் தம் வாசகராகக் கொண்டார். குறுந்தொடர், பேச்சில் வழங்கும் எளிய சொல், பெரிய எழுத்தில் தலைப்பு, படங்கள், நீதிமன்றச் செய்திகள் ஆகியன அவ்விதழின் இயல்புகளாயின. இவ்வெழுத்து முறையைத் தம்மிடம் பணிபுரிவோர்க்குக் கற்பிக்கும் வகையில் இதழாளர் கையேடு ஒன்றையும் அவர் எழுதினார். மதுரையை அடுத்துச் சென்னை முதலிய நகரங்களிலும் பதிப்புகள் தோன்றின.

தனிக்கட்சி அரசியல்

இதழ் தொடங்கிய 1942-ஆம் ஆண்டிலேயே தனித் தமிழ் அரசு குறித்த சிந்தனையை 'தமிழ்ப் பேரரசு' என்னும் நூலில் ஆதித்தனார் முன்வைத்தார். 1947 முதல் 1952 வரை சட்ட மேலவையில் பணியாற்றினார். 1957 தேர்தலில் சாத்தான்குளம் தொகுதியில் சுயேச்சையாக வென்றார். 1958-இல் தன்னாட்சி பெற்ற தமிழ்நாட்டைக் குறிக்கோளாகக் கொண்டு 'நாம் தமிழர்' இயக்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு நாளிதழின் நிர்வாகம் அவருடைய மகன் சிவந்தி ஆதித்தனிடம் சென்றது. 1960-இல் பெரியார் ஈ. வெ. இராமசாமியுடன் இணைந்து, தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தில் பங்கேற்றார்.

ஆயினும் 1962 பொதுத்தேர்தலில் நாம் தமிழர் இயக்கம் ஓரிடத்திலும் வெல்லவில்லை, ஆதித்தனாரும் தோல்வியுற்றார். அதே தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ஐம்பது இடங்களைப் பெற்றது. நாள்தோறும் அவருடைய இதழை வாங்கியோர் செய்திக்காகவே வாங்கினர் என்பதையும், வாக்கினை வேறு அளவுகோல் கொண்டு அளித்தனர் என்பதையும் இம்முடிவு காட்டுகிறது. மேடை, நாடகம், திரைப்படம், ஊர்தோறும் கிளை என விரிந்த கட்சி அமைப்பின் பணியை நாளிதழ் ஒன்று தனித்து நிறைவேற்ற இயலவில்லை. 1963-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர் உறுதிமொழி ஏற்பதைக் கட்டாயமாக்கியது. தனிநாட்டுக் கொள்கைக்குத் தேர்தல் களத்தில் இருந்த வழி இதனால் அடைபட்டது.

பேரவையும் அமைச்சும்

1967-இல் நாம் தமிழர் இயக்கம் தி.மு.க.வுடன் இணைந்தது. திருவைகுண்டம் தொகுதியில் வென்ற ஆதித்தனார், அண்ணா முதலமைச்சரானபோது பேரவைத் தலைவரானார். மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரும் தீர்மானம் 18.07.1967 அன்று நிறைவேறியதும், இருமொழிக் கொள்கைத் தீர்மானம் 1968 சனவரியில் நிறைவேறியதும் அவர் பேரவைத் தலைவராக இருந்த காலத்திலேயாம். தன்னாட்சி பெற்ற தமிழ்நாட்டைக் கேட்டு இயக்கம் கண்டவரின் பதவிக்காலத்தில், இந்திய ஒன்றியத்துக்கு உட்பட்ட மாநிலத்தின் பெயராகத் தமிழ்நாடு பேரவையின் ஏற்பைப் பெற்றது. கொள்கையின் பெரும்பகுதியைக் கைவிட்ட நிலையில் அதன் ஒரு கூறு கைகூடிய நிகழ்வு இது. 1968 ஆகத்தில் அப்பதவியிலிருந்து விலகிய அவர், 1969-இல் மு. கருணாநிதி அமைச்சரவையில் இடம்பெற்றுக் கூட்டுறவுத் துறையை ஏற்றார். 24.05.1981 அன்று காலமானார்.

முடிவுரை

ஆதித்தனாரின் இதழ் அவரைத் தமிழகம் அறியச் செய்தது. எனினும் அவருடைய கட்சியை வளர்க்க அது போதியதாகவில்லை. அவருக்கு ஆட்சிப் பொறுப்பு வாய்த்தது தம் இயக்கத்தைப் பெருங்கட்சி ஒன்றில் கரைத்த பின்னரே. ஆதலின், ஊடக உடைமை அரசியல் செல்வாக்கைத் தானாகவே தரும் என்னும் பொதுக்கருத்து இவர் வாழ்வளவில் பொருந்துவதன்று. மறுபுறம், எளிய உழைப்பாளரையும் செய்தித்தாள் வாசகராக்கிய உரைநடை அவருக்குப் பின்னும் நிலைபெற்றது. தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் படைப்பிலக்கிய ஆசிரியர்களுக்கு அளிக்கும் கவனத்தை இந்நாளிதழ் நடைக்கும் அளித்தல் வேண்டும். தேர்தல் முடிவுகளைக் கொண்டு மட்டும் அவரை மதிப்பிட்டால் இப்பங்களிப்பு விடுபட்டுப்போகும்.